எளிய பதிப்பை நீக்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பயணச்சீட்டு முன்பதிவுத் தளத்தை வடிவமைப்பவர்களுக்கும், அதைக் கட்டும் பொறியாளர்களுக்கும், ஒப்புதல் கையெழுத்துப் போடும் மேலாளர்களுக்கும், இதே முடிவை நாளை எடுக்கவிருக்கும் மற்றச் சேவையினருக்கும்:

சென்ற மாதம் உங்கள் முகப்புப் பக்கத்தின் அடியிலிருந்து ஒரு வரி காணாமல் போனது. "இணைப்பு மெதுவாக உள்ளதா? எளிய பதிப்புக்குச் செல்க" என்ற வரி. பல ஆண்டுகளாக அதைத் தட்டிப் பழகிய என் விரல் அன்று வெறும் வெள்ளையைத் தட்டியது. தேடிப் பார்த்ததில் உங்கள் அறிவிப்பு கிடைத்தது. இரண்டே வாக்கியங்கள். மிகச் சிலரே பயன்படுத்துவதால் எளிய பதிப்பு நிறுத்தப்படுகிறதாம். இனி எல்லோருக்கும் ஒரே 'செழுமையான அனுபவம்' கிடைக்குமாம். அந்தச் செழுமையை நான் அனுபவித்த இரவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் இரவுப் பணி பார்க்கிறேன். அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. நான்கு பக்கமும் கான்கிரீட், நடுவில் இரும்பு அலமாரிகள், அவற்றில் பழைய கோப்புகள். இதே கட்டடத்தின் நான்காம் மாடியில் நின்றால் என் கைப்பேசியில் எந்தக் காணொளியும் தடையின்றி ஓடும். படியிறங்கி என் நாற்காலிக்கு வந்ததும் வேகம் வினாடிக்கு 200 கிலோபிட் அளவுக்குச் சரிந்துவிடும். அதே கைப்பேசி, அதே சிம், அதே ஆள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மெதுவான இணைப்பு என்றதும் உங்கள் கூட்டங்களில் எங்கோ தொலைவில், பழைய கைப்பேசியோடு இருக்கும் யாரோ ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார் என்று தோன்றுகிறது. அந்த யாரோ ஒருவர், மின்தூக்கிக்குள் நுழையும்போதும் சுரங்கப்பாதையைக் கடக்கும்போதும் மாதக் கடைசியில் டேட்டா தீரும்போதும் நீங்களாகவே இருப்பீர்கள்.

அன்று இரவு அப்பாவுக்குக் காய்ச்சல். விடிகாலை ஐந்து மணிக்கு அவர் கிளம்பியிருக்க வேண்டும். புறப்பாட்டுக்கு நான்கு மணி நேரம் முன்பு வரை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது உங்கள் விதி. அம்மா தொலைபேசியில் சொன்னபோது மணி பதினொன்று ஐம்பது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே என்று நிதானமாகத்தான் உங்கள் பக்கத்தைத் திறந்தேன்.

முதலில் வெள்ளைத் திரை. பிறகு சுழலும் வட்டம். அதன் பிறகு ஒரு மலை மேலிருந்து கீழாக விரல் அகலம் விரல் அகலமாக இறங்கி வந்தது. ஆம், மலை. பனி மூடிய உச்சி, அதன் பின்னால் சூரிய உதயம். பயணத்தை ரத்து செய்ய வந்தவனுக்கு எதற்கு மலைக்காட்சி என்று உங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா? மலை முழுதாக வந்து சேர்ந்து, 'என் பயணங்கள்' பொத்தான் உயிர்பெற்று, நான் அதை அழுத்தியபோது, "பாதுகாப்புக் கருதி நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்" என்று வந்தது. ஐந்து நிமிடம் நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேனாம். நான் ஒன்றும் செய்யவில்லைதான். செய்வதற்கு உங்கள் பக்கம் எதையும் கொடுக்கவில்லையே.

இரண்டாம் முறை ரத்து செய்யும் பக்கம் வரை போய்விட்டேன். ஓடிபி மூன்றே வினாடியில் குறுஞ்செய்தியாக வந்தது. அதை இடுவதற்கான கட்டம் வரவில்லை. கட்டம் வந்தபோது ஓடிபியின் இரண்டு நிமிட ஆயுள் முடிந்திருந்தது. மூன்றாம் முறை, "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்" என்றது. சரிபார்த்தேன். இணைப்பு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அதே நிமிடத்தில் அம்மாவோடு எழுத்துச் செய்திகள் போய்வந்துகொண்டிருந்தன. மாடிக்கு ஓடியிருக்கலாமே என்பீர்கள். இரவில் அந்த அறையில் நான் ஒருவன்தான். அவசரப் பிரிவிலிருந்து எந்த நொடியும் ஒரு கோப்பைக் கேட்பார்கள். மணி ஒன்றைத் தாண்டியது. உங்கள் விதி மட்டும் தாமதமின்றி வேலை செய்தது.

நான் பொறியாளன் அல்லன். ஆனால் கோபம் வந்தால் கொஞ்சம் படிப்பேன். மறுநாள் வீட்டுக் கணினியில் உலாவியின் சோதனைக் கருவிகளைத் திறந்து உங்கள் ரத்துப் பக்கத்தை நிறுத்துப் பார்த்தேன். 3.8 மெகாபைட். எனக்குத் தேவைப்பட்ட எழுத்துகளை, அதாவது பயணியின் பெயர், வண்டி, நேரம், இருக்கை, 'ரத்து செய்' என்ற பொத்தான் ஆகியவற்றை மட்டும் தனியே ஒரு கோப்பில் சேமித்தேன். 6 கிலோபைட் வந்தது. மலை மட்டும் 900 கிலோபைட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் வினாடிக்கு 200 கிலோபிட் என்றால் 25 கிலோபைட். தரவு சிறு சிறு பொட்டலங்களாகத்தான் வரும்; அதில் ஒன்றுகூட வழியில் தொலையாவிட்டாலும் உங்கள் பக்கம் வந்துசேர இரண்டரை நிமிடம் ஆகும். எழுத்துகள் மட்டும் என்றால் கால் வினாடி.

அந்த 6 கிலோபைட்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறை, பாதையின் கொள்ளளவு தெரியாத தொடக்கத்தில் கொஞ்சமாக அனுப்பிப் பார்த்து, ஒப்புகை வந்த பிறகே அளவைக் கூட்டும். இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவண வரிசையில் 2013இல் வந்த ஆர்எஃப்சி 6928 முன்வைத்தபடி அந்த முதல் தவணையில் பத்துப் பொட்டலங்கள், ஏறத்தாழ 14 கிலோபைட், போகலாம். என் அப்பாவின் டிக்கெட் விவரம் முழுவதும் அந்த முதல் தவணைக்குள் அடங்கிப் பாதி இடம் மிஞ்சும். அந்த இடத்தை நீங்கள் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்றும் பார்த்தேன். விளம்பரக் கண்காணிப்பு நிரல்களின் முகவரிப் பட்டியல்.

இதில் எரிச்சலூட்டும் முரண் ஒன்று இருக்கிறது. அதே அடித்தளத்தில், ஓய்வு நேரத்தில், என் சக ஊழியர் காணொளி பார்க்கிறார். மங்கலாகத்தான் தெரிகிறது, ஆனால் நிற்காமல் ஓடுகிறது. காணொளியைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் வைத்துக்கொண்டு, இணைப்பு தாங்குகிற தரத்தைத் துண்டுக்குத் துண்டு தேர்ந்தெடுக்கும் முறை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஆப்பிளின் எச்எல்எஸ் 2009இல் வந்தது. எம்பெக்-டாஷ் 2012இல் பன்னாட்டுத் தரமாக வெளியானது. நகரும் படம் தன்னைச் சுருக்கிக்கொள்ளக் கற்றுவிட்டது. ஐந்து வரி எழுத்தும் ஒரு பொத்தானும் உள்ள பக்கம் இன்னும் கற்கவில்லை. பழைய காலத்தில் இந்தப் பணிவு இணையப் பக்கங்களுக்கு இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1990களின் நெட்ஸ்கேப் உலாவியில், பெரிய படம் வந்துசேரும் முன் காட்டுவதற்கென்று ஒரு சிறிய படத்தையும் பக்கம் குறிப்பிட முடிந்தது.

இனி உங்கள் முதன்மையான வாதத்துக்கு வருகிறேன்: "மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள்."

எப்படி எண்ணினீர்கள்? வருகையைக் கணக்கிடும் நிரல் பெரும்பாலும் உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழித் துண்டுதான்; அதுவும் பக்கத்தோடு வந்து இறங்கி ஓடினால்தான் எண்ணும். வெள்ளைத் திரையைப் பார்த்துச் சலித்து மூடிவிட்டவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். எளிய பதிப்புக்கான சுட்டியை எங்கே வைத்திருந்தீர்கள்? கனமான முகப்புப் பக்கத்தின் அடியில். அது தேவைப்படுகிறவர் முதலில் கனமான பக்கம் முழுவதையும் இறக்கியாக வேண்டும். கிணற்றின் அடியில் ஏணியை வைத்துவிட்டு, ஏறி வருகிறவர் குறைவு என்று ஏணியை எடுத்துவிட்டீர்கள்.

இப்படி எண்ணுவதில் உள்ள பிழை தெரியாத ஒன்றல்ல. யூடியூபில் பொறியாளராக இருந்த கிறிஸ் சக்கரியாஸ் 2012இல் எழுதியதை உங்கள் துறையில் பலர் படித்திருப்பார்கள். காணொளி பார்க்கும் பக்கம் 1.2 மெகாபைட் இருந்தது. அதை அவர் உரித்து உரித்து 98 கிலோபைட்டுக்குக் கொண்டுவந்தார். 'ஃபெதர்', அதாவது இறகு, என்று அதற்குப் பெயர். ஒரு பகுதிப் பயனர்களுக்கு அதைத் திறந்துவிட்டு அளந்து பார்த்தால், பக்கம் திறக்க ஆகும் சராசரி நேரம் கூடியிருந்தது! பன்னிரண்டில் ஒரு பங்காக இளைத்த பக்கம் எப்படி மெதுவாகும்? குழம்பிப் போனவர், எண்களை இடவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா போன்ற பகுதிகளிலிருந்து முன்பு வராத கூட்டம் வந்திருந்தது. பழைய பக்கம் அவர்களுக்குத் திறக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால் அவர்கள் காத்திருக்கவே இல்லை. புதிய பக்கம் இரண்டு நிமிடத்தில் திறந்தது. இரண்டு நிமிடம் அவர்களுக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. அந்த இரண்டு நிமிடங்கள்தான் சராசரியை ஏற்றிவிட்டன.

உங்கள் அறிக்கைகளில் சராசரி வேகம் அழகாக இருக்கிறது என்றால், மெதுவானவர்கள் எல்லோரும் ஏற்கெனவே போய்விட்டார்கள் என்பதும் ஒரு விளக்கமாக இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்த்தீர்களா என்பதே என் கேள்வி.

இணைய வேகம் ஆண்டுதோறும் கூடிக்கொண்டுதானே போகிறது என்பது அடுத்து வரும் பதில். வேகம் கூடுகிறது, பக்கங்கள் அதைவிடப் பசியோடு அதைத் தின்கின்றன. தவிர, வேகம் வேறு, தாமதம் வேறு. பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்திருக்கும் செயற்கைக்கோள் வழியாக இணைகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அவ்வாறே மேலே போய்க் கீழே வர, ஒளியின் வேகத்திலேயே அரை வினாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகிவிடும். எவ்வளவு பெரிய திட்டத்தை வாங்கினாலும் இது குறையாது. ஒன்று வந்தால்தான் அடுத்ததைக் கேட்க முடியும் என்ற விதத்தில் நாற்பது கோரிக்கைகளைச் சங்கிலியாகக் கோத்த பக்கம் அவருக்குப் பத்தொன்பது வினாடிக்குக் குறைந்து திறக்காது. என் அறையின் கான்கிரீட்டும் அப்படித்தான். அடுத்த தலைமுறை அலைபேசிக் கோபுரம் வந்தாலும் சுவர் சுவராகவே இருக்கும்.

இரண்டு பதிப்புகளைப் பராமரிப்பது சுமை என்கிறீர்கள். இதை நான் ஏற்கிறேன். தனியே ஒதுக்கப்பட்ட எளிய பதிப்பு எப்போதும் மாற்றாந்தாய்ப் பிள்ளைதான். புதிய வசதி அங்கே வராது, பிழை இருந்தால் யாரும் திருத்தமாட்டார்கள். ஆனால் நான் கேட்பது இரண்டு பக்கங்களை அல்ல. எழுத்தில் தொடங்கி, இணைப்பு இடம் கொடுக்கக் கொடுக்க மற்றதைச் சேர்த்துக்கொள்ளும் ஒரே பக்கத்தை. இதற்கு உங்கள் துறையிலேயே பெயர் இருக்கிறது. இணைய வல்லுநர்களான ஸ்டீவ் சாம்பியனும் நிக் ஃபிங்கும் 2003இல் 'படிப்படியான மேம்பாடு' என்ற பொருளில் ஒரு பெயரை வைத்து விளக்கினார்கள். பக்கத்தின் எழுத்தையும் அமைப்பையும் தாங்கும் எச்டிஎம்எல், வர வரவே திரையில் தோன்றும் இயல்புடையது. எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்டுக்குள் அடைத்து, அது முழுதாக வந்தால்தான் முதல் எழுத்தே தெரியும் என்று ஆக்கியது நீங்கள் எடுத்த முடிவு. இணையத்தின் இயல்பு அல்ல.

பயனரின் இணைப்பு எப்படி இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி மட்டும் நேர்மையானது. அதற்கு முழுமையான விடை இல்லை. குரோம் உலாவியின் அடித்தள நிரலான குரோமியத்தை அடிப்படையாகக் கொண்ட உலாவிகள் இணைப்பின் தரத்தைப் பக்கத்துக்கு நான்கு பெயர்களில் சொல்கின்றன: ஸ்லோ-2ஜி, 2ஜி, 3ஜி, 4ஜி. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் சொல்வதில்லை. பயனரை அடையாளம் காண இந்தத் தகவலும் உதவிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. சொல்கிற உலாவிகளிலும் பெயர்களை நம்பி ஏமாறக்கூடாது. 4ஜி என்பது அங்கே அலைபேசித் தலைமுறையைக் குறிப்பதில்லை. போய்வரும் நேரம் 270 மில்லிவினாடிக்குக் குறைவாகவும் வேகம் 700 கிலோபிட்டுக்கு அதிகமாகவும் இருந்தால் எல்லாமே 4ஜிதான். கண்ணாடி இழை இணைப்பில் அமர்ந்திருப்பவரும் தட்டுத்தடுமாறி ஒரு மெகாபிட் பெறுபவரும் உங்களுக்கு ஒரே பெயரில் தெரிவார்கள்.

ஆனாலும் கையை விரித்துவிட வேண்டியதில்லை. டேட்டாவைச் சேமிக்க வேண்டும் என்று பயனர் தேர்ந்தெடுத்திருந்தால், சில உலாவிகள் ஒவ்வொரு கோரிக்கையோடும் 'சேவ்-டேட்டா: ஆன்' என்று ஒரு குறிப்பை அனுப்புகின்றன. அது ஊகம் அல்ல, வாய்விட்டுச் சொன்ன வேண்டுகோள். அதைப் படித்துவிட்டும் மலையை அனுப்புவது மரியாதைக் குறைவு. குறிப்பு வராத இடத்தில் உங்கள் பக்கமே அளக்கலாம்: முதல் எழுத்துகள் வர நான்கு வினாடி ஆயிற்று என்றால், அடுத்து வரவேண்டியது அலங்கார எழுத்துருவா என்று யோசிக்கலாம். உலாவிகளே இப்படி நடந்துகொள்கின்றன. திரைக்குக் கீழே உள்ள படங்களைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் வசதியில், குரோம் நல்ல இணைப்பில் 1,250 பிக்சல் தொலைவு நெருங்கியதும் இறக்கத் தொடங்குகிறது. மெதுவான இணைப்பில் 2,500 பிக்சல் தொலைவிலேயே தொடங்கிவிடுகிறது. மெதுவானவருக்கு முன்கூட்டியே வேலையைத் தொடங்கவேண்டும் என்ற அக்கறை உலாவிக்கு இருக்கிறது.

இனி என் கோரிக்கைகள்.

எளிய பதிப்பை உடனே திரும்பக் கொடுங்கள். உங்கள் முதன்மைப் பக்கம் மெதுவான இணைப்பிலும் வேலை செய்கிறது என்று நிரூபிக்கும் வரை அது இருக்கட்டும். சுட்டி பக்கத்தின் உச்சியில், முதலில் வந்துசேரும் எழுத்துகளுக்குள் இருக்கவேண்டும்.

ரத்து செய்தல், தேதி மாற்றுதல், பயண நிலை அறிதல் ஆகிய மூன்று பக்கங்களையும் முதல் 14 கிலோபைட்டுக்குள் பயன்படுத்தக்கூடியவையாக ஆக்குங்கள். ஜாவாஸ்கிரிப்ட் வராவிட்டாலும் பொத்தான் வேலை செய்யவேண்டும். அவசரத்தில் வருகிறவர்கள் வரும் பக்கங்கள் இவை. மலை வேறெங்காவது இருக்கட்டும்.

கடிகாரத்தை எங்கள் பக்கம் வையுங்கள். ஓடிபியின் ஆயுளை, அதை இடும் கட்டம் எங்கள் திரைக்கு வந்த பிறகு எண்ணத் தொடங்குங்கள். முடியாவிட்டால் ஆயுளை நீட்டுங்கள். வெளியேற்றும் முன் எச்சரித்து, ஒரு தட்டலில் நேரத்தை நீட்டிக்க வழி கொடுங்கள். இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2008 முதல் இதை ஏற்கத்தக்க வழிகளில் ஒன்றாகச் சொல்கிறது: முடியப்போகிறது என்று சொல்லி, நீட்டிக்கக் குறைந்தது 20 வினாடி தரவேண்டும், பத்து முறையாவது நீட்டிக்க விடவேண்டும். இது அடிப்படை நிலையான 'ஏ' நிலை விதி. பாதியில் அறுந்தாலும் நிரப்பிய படிவம் அப்படியே இருக்கவேண்டும்.

பக்கம் தானாகத் தன்னைக் குறைத்துக்கொண்டால் அதைச் சொல்லட்டும். முழுப் பக்கம் வேண்டுமா என்று கேட்கட்டும். முடிவு எங்கள் கையில் இருக்கவேண்டும். நாட்டையோ கைப்பேசியின் விலையையோ பார்த்து எங்கள் இணைப்பை ஊகிக்காதீர்கள். குறைப்பது படங்களாக இருக்கட்டும், உரிமைகளாக வேண்டாம்; பணம் திரும்பக் கேட்கும் பொத்தான் எந்தப் பதிப்பிலும் விடுபடக்கூடாது.

கைவிட்டுப் போனவர்களை எண்ணுங்கள். கோரிக்கை உங்கள் சர்வருக்கு வந்திருக்கும். அது அங்கே பதிவாகியிருக்கும். பக்கம் திறந்ததாகக் கணக்கு நிரல் சொல்லியிருக்காது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். எளிய பதிப்பை நிறுத்துவதற்கு முந்தைய, பிந்தைய மாதங்களின் அந்த எண்களை வெளியிடுங்கள்.

2015இல் ஃபேஸ்புக் நிறுவனம் தன் ஊழியர்கள் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் தங்கள் செயலியைப் பயன்படுத்திப் பார்க்க ஏற்பாடு செய்தது. உங்கள் உலாவியின் சோதனைக் கருவியிலும் வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் அதை இயக்கி, ஒரு டிக்கெட்டை ரத்து செய்து பாருங்கள். பொறியாளர்கள் மட்டும் போதாது. எளிய பதிப்பு வேண்டாம் என்று கையெழுத்திட்டவர் தம் கட்டைவிரலால் செய்து பார்க்கவேண்டும்.

அப்பாவின் டிக்கெட் பணத்தை நான் கேட்கவில்லை. முப்பது நாட்களுக்குள், மேலே உள்ள ஒவ்வொன்றுக்கும் செய்வோம் அல்லது செய்யமாட்டோம் என்று பொதுவில் பதில் தாருங்கள். படம் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாக எழுதுங்கள். இரவுப் பணியில் இருந்தாலும் எனக்கு வந்துசேரும்.

இப்படிக்கு,
உங்கள் எளிய பதிப்பைப் பல ஆண்டுகள் பயன்படுத்தி வந்த
பதிவேட்டு அறை ஊழியர்